கோவை விமானப் போக்குவரத்து

கொங்கு நாட்டின் பயணிகள் விமானச் சேவை, கோவைக்குக் கிழக்கே பீளமேட்டில் 1940இல் திறக்கப்பட்ட விமான நிலையத்தை நம்பி வளர்ந்தது. காங்கேயத்துக்காரர்கள் பல்லடம், சூலூர் வழியாக இங்கே வந்து சேர்கிறார்கள். பஸ்ஸில் வருவோர் அவிநாசி ரோட்டில் 'சித்ரா' என்று கேட்டு இறங்குவார்கள். அருகிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தின் சுருக்கப் பெயர் அது. பெட்டியில் ஒட்டும் சீட்டில் கோவைக்கு உரிய எழுத்துகள் சி.ஜே.பி. விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் கையாளும் குறியீடு வி.ஓ.சி.பி.; முதல் இரண்டு எழுத்துகள் தென்னிந்தியாவைக் குறிக்கும். அதில் வ.உ.சி.யின் பெயர் வந்து உட்கார்ந்தது தற்செயல்தான். ஆனாலும் அது இங்கே நினைக்கத்தக்கது. 1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை வீழ்த்த ஆங்கிலேயக் கம்பெனி தூத்துக்குடி–கொழும்புக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிக் கையில் குடையும் கொடுத்தது. 1908 முதல் 1910 வரை அவர் செக்கிழுத்த சிறை கோவையில்தான் இருக்கிறது. டிக்கெட் விலையால் ஒரு போக்குவரத்துக் கம்பெனியைச் சாய்க்கலாம் என்ற பாடம் நமக்கு அவ்வளவு பழையது.

1953இல் எட்டு உள்நாட்டு நிறுவனங்களை ஒன்றாக்கி இந்தியன் ஏர்லைன்ஸ் அமைக்கப்பட்டது. அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் கோவை வானத்தில் அரசு விமானம் மட்டுமே. 1980களில் ஓடுபாதையை நீட்ட நிலையத்தை மூடியபோது சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து சேவை நடந்தது. 1987இல் மீண்டும் திறந்ததும் போயிங் 737 ஜெட்கள் வரத் தொடங்கின. 1994இல் அரசின் ஏகபோகச் சட்டம் நீக்கப்பட்டது. 2003இல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் புறப்பட்டு, பின்னர் ஒரு ரூபாய் டிக்கெட்டும் விற்று, ரயிலில் மட்டுமே போனவர்களை விமானத்தில் ஏற்றியது. அந்தப் பெயர் 2008இல் கிங்ஃபிஷருக்குள் கரைந்தது. 2012இல் கிங்ஃபிஷரும் நின்றது.

ஏன் இத்தனை கம்பெனிகள் விழுகின்றன என்பதற்குக் காங்கேயத்துக் கொப்பரைக் களத்தில் நின்று பார்த்தால் விடை கிடைக்கும். கொப்பரைக்கு விலை இல்லையென்றால் மூட்டை பிடித்து அடுக்கி வைத்து, ஏறும்போது விற்கலாம். விமான இருக்கையை அடுக்கி வைக்க முடியாது. கதவு சாத்தியதும் காலி இருக்கை வீண்தான்; எரிபொருள், குத்தகை, சம்பளம் எல்லாம் அதற்கும் சேர்த்தே செலவாகிறது. அதனால்தான் ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரிக்கிறார்கள். முன்கூட்டி வாங்குபவருக்கு மலிவான அடுக்கு. அது தீர்ந்தால் அடுத்தது. கடைசி நாளில் அவசரமாகக் கேட்பவருக்கு உச்ச விலை. பக்கத்து இருக்கைக்காரர் உங்களைவிடப் பாதி விலை கொடுத்திருந்தால், அவர் பேரம் பேசவில்லை, நாள் பார்த்து வாங்கியிருக்கிறார். இந்தியாவில் விமான நிறுவனத்தின் செலவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு எரிபொருளுக்கே போகிறது. அது ஜி.எஸ்.டி.க்குள் இல்லை, மாநிலத்துக்கு மாநிலம் வரி மாறும்.

இந்த வரியை வைத்தே ஒரு தமிழ்நாட்டு நிறுவனம் கணக்குப் போட்டது. மதுரை ஜவுளிக் குடும்பத்திலிருந்து வந்த பாரமவுண்ட் ஏர்வேஸ், 2005இல் எம்ப்ரேயர் ஜெட்களோடு தென்னகத்தில் பறக்கத் தொடங்கியது. 40 டன்னுக்குக் குறைந்த விமானங்களின் எரிபொருளுக்கு அப்போது விற்பனை வரி 4 விழுக்காடுதான். 80 இருக்கைக்குக் குறைந்தால் தரையிறங்கும் கட்டணமும் இல்லை. எல்லா இருக்கையையும் பிசினஸ் வகுப்பாக விற்றார்கள். நல்ல கணக்குதான். ஆனால் விமானங்கள் குத்தகையில் வந்தவை; குத்தகைத் தகராறு முற்றி 2010இல் சேவை நின்றது. கோவையையே தலைமையிடமாகக் கொண்ட ஏர் கார்னிவல் 2016 ஜூலையில் ஏ.டி.ஆர். 72 விமானத்தில் சென்னைக்குப் பறந்து, 2017 ஏப்ரலில் நிறுத்திக்கொண்டது. சிறிய கம்பெனிக்கு உள்ள பெரிய இடர் இதுதான்: ஒரு விமானம் பழுதுக்குப் போனால் ஈடுகட்ட மாற்று இருக்காது, அன்றைய அட்டவணையே கலைந்துவிடும். நம் ஊரிலிருந்து கிளம்பிய ஒரு நிறுவனம் ஓராண்டுகூட நிற்கவில்லை என்பது வருத்தம்தான்.

பெரிய நிறுவனத்திலும் விமானம் ஓரிடத்தில் நிற்பதில்லை. விடியற்காலையில் ஓர் ஊரில் கிளம்பும் ஏர்பஸ் 320, ஒரே நாளில் நான்கைந்து ஊர் தொட்டு வரும். கோவையில் வந்து நின்றதும் சக்கரத்துக்கு அடைப்புக்கட்டை வைப்பார்கள். ஒரு பக்கம் பயணிகள் இறங்க, மறுபக்கம் பெட்டிகள் இறங்கும். எரிபொருள் லாரி இறக்கையடியில் நிற்கும். உள்ளே துடைத்துக் குப்பை எடுப்பார்கள். எடைச் சமநிலைத் தாளில் கேப்டன் கையெழுத்திட்டதும் கதவு சாத்தப்படும். எல்லாம் ஏறத்தாழ அரை மணிக்குள். காலையில் டெல்லியில் மூடுபனி விழுந்தால், மாலையில் வெயில் காயும் பீளமேட்டில் 'தாமதம்' என்று பலகை காட்டுவது இதனால்தான்: உங்களுக்கு வரவேண்டிய விமானம் அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது.

விமானம் இருந்தாலும் பைலட் இருக்க வேண்டும். புதிய பணிநேர விதிகள் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, 2025 நவம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. அதற்கேற்ற ஆள்பலம் இல்லாமல் இண்டிகோ டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான சேவைகளை ரத்து செய்தது. களைத்த பைலட்டைவிட ரத்தான டிக்கெட் மேல். அந்த விதி பயணிக்காக எழுதப்பட்டது.

வராமல் போகிறவர்களைக் கணக்கிட்டு, இருப்பதைவிடக் கூடுதல் டிக்கெட் விற்பதும் வழக்கம். நேரத்துக்கு வந்து பதிவு செய்தும் இடமில்லை என்றால், ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தராத நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். மாற்று விமானம் 24 மணிக்குள் என்றால் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைப் போல் இரு மடங்கு, 10,000 ரூபாய் வரை. அதற்கு மேல் ஆனால் நான்கு மடங்கு, 20,000 வரை. கேட்டால்தான் கிடைக்கும் உரிமை இது.

2012இல் கோவைக்குப் பன்னாட்டு நிலையத் தகுதி கிடைத்தது. ஷார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் இங்கிருந்து ஏறலாம். ஓடுபாதை இன்னும் 2,990 மீட்டர்தான். அதை நீட்ட நிலம் எடுக்கும் வேலை பல ஆண்டுகள் இழுத்தது. அகல உடல் கொண்ட பெரிய விமானங்கள் வாடிக்கையாக வருவதில்லை. வருகிற சிறு விமானங்களில் பயணிகளின் பெட்டிகள் போக மிஞ்சிய இடம்தான் சரக்குக்கு. அதனால் திருப்பூர் பின்னலாடைப் பெட்டிகள் பெரும்பாலும் லாரியில் சென்னைக்கும் பெங்களூருக்கும் கொச்சிக்கும் போய், அங்கே விமானம் ஏறுகின்றன.