இரத்தக்காட்டேரியை அடக்கிய பாதிரியார்



எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில், நல்லாய்ப் போய்க்கொண்டிருந்த ஒரு விளையாட்டை நானே கெடுத்தேன். அது எப்படி நடந்தது என்று சொல்லிவிட்டு, அதே சிக்கலை எனக்கு முன்னால் விளையாடியவர்கள் எப்படித் தீர்த்தார்கள் என்ற வரலாற்றையும் சொல்கிறேன்.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ். தெரியாதவர்களுக்கு: மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருப்பார்கள். ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருவர் மட்டும் கதையை நடத்துவார். என்ன செய்யப் போகிறோம் என்று நாங்கள் வாயால் சொல்வோம். அது பலித்ததா என்று பகடை சொல்லும். புத்தகத்தில் இல்லாத ஒரு சக்தியை நாங்களே உருவாக்கிச் சேர்த்தால் அதற்கு 'ஹோம்புரூ' என்று பெயர்.

நான் உருவாக்கியது ஒரு சித்தர். அவருக்குக் கூடுவிட்டுக் கூடு பாயும் சக்தி. தன் உடலை விட்டு எதிரியின் உடலுக்குள் புகுந்து அதை ஆட்டுவிப்பார். அம்மம்மா சொன்ன கதையில் இருந்து எடுத்தது. முதல் கிழமை எல்லாருக்கும் பிடித்தது. அதன் பிறகு எந்தச் சண்டை வந்தாலும் ஒரே கதைதான். நான் எதிரித் தலைவனுக்குள் புகுவேன், அவனை வைத்தே அவனுடைய ஆட்களை அடிப்பேன், சண்டை முடிந்துவிடும். என்னைவிட நாலு வயது இளையவன், சித்தியின் மகன், வாள் வீரனாக விளையாடினான். அவனுடைய முறை வருவதற்குள் அடிக்க ஆளே மிஞ்சாது.

"இது கூடிப் போச்சு" என்று நண்பர்கள் சொன்னார்கள். சரி, ஒரு நாளைக்கு மூன்று முறைதான் பாயலாம் என்று விதியை மாற்றினேன். ஆனால் எங்கள் கதையில் ஒரு நாளைக்கு மூன்று சண்டை வருவதே அபூர்வம். ஒரு சனிக்கிழமை தம்பி தன் தாளை மடித்து மேசையில் வைத்தான். "அண்ணா, நீங்களே விளையாடுங்கோ" என்று சொல்லிவிட்டு மேலே போனான். பிறகு அவன் விளையாட வரவில்லை.

நான் விட்ட பிழை எதுவென்று, இந்த விளையாட்டின் வரலாற்றைப் படித்தபோதுதான் பிடிபட்டது.

1971இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் 'செயின்மெயில்' என்ற போர் விளையாட்டை வெளியிட்டார்கள். சின்னச் சின்னப் படைவீரர் பொம்மைகளை மேசையில் நகர்த்தி ஆடுவது. அதன் பின்பகுதியில் மந்திரவாதிகளும் வந்தார்கள். மந்திரவாதி எறியும் நெருப்புப் பந்துக்கு எவ்வளவு வலிமை கொடுப்பது? கல்லெறியும் பெரிய போர்ப்பொறி ஒன்றின் அளவு. மின்னலுக்கு ஒரு கனமான பீரங்கியின் அளவு. இல்லாத ஒரு சக்தியை, இருக்கும் ஒரு கருவியோடு வைத்து அளந்தார்கள். பொறியியல் படித்த எனக்கு இது மிகவும் பிடித்த இடம்.

அதே காலத்தில் மினசோட்டாவில் டேவ் ஆர்னசன் 'பிளாக்மூர்' என்ற தன் கற்பனை உலகத்தை நடத்திக்கொண்டிருந்தார். அதுவும் பெற்றோர் வீட்டு பேஸ்மென்டில்தான்! அங்கே விளையாடிய ஒருவரின் பாத்திரம் 'சர் ஃபாங்' என்ற இரத்தக்காட்டேரி. விளையாட விளையாட அதன் வலிமை ஏறிக்கொண்டே போனது. மற்றவர்களால் அதற்கு முன்னால் நிற்க முடியவில்லை.

ஆர்னசனின் குழு அந்தக் காட்டேரியின் பற்களைப் பிடுங்கவில்லை. இன்னொரு விளையாட்டுக்காரருக்குப் புதிதாக ஒரு பாத்திரத்தைக் கொடுத்தார்கள்: பேய்களைத் துரத்தும் பாதிரியார். அந்தக்கால டிராகுலா படங்களில் பீட்டர் குஷிங் நடித்த வான் ஹெல்சிங்தான் அதற்கு முன்மாதிரி. 1974இல் கைகாக்ஸும் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது, அந்தப் பாதிரியார் 'கிளெரிக்' என்ற பெயரில் மூன்று அடிப்படைப் பாத்திர வகைகளில் ஒன்றாக இருந்தார். இன்றும் இருக்கிறார்.

மந்திரவாதிக்கும் விலை வைத்தார்கள். ஜாக் வான்ஸ் 1950இல் எழுதிய 'தி டையிங் எர்த்' கதைகளில், மந்திரத்தை மனப்பாடம் செய்து ஒருமுறை சொன்னால் அது நினைவில் இருந்து அழிந்துவிடும். கைகாக்ஸ் அதை அப்படியே விதியாக்கினார். தொடக்க நிலை மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். கவசம் கிடையாது, ஆயுதம் குத்துவாள் மட்டும். ஆனால் ஆட்கள் இதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். மந்திரம் தீர்ந்ததும் "படுத்து எழும்பி நாளைக்குப் போவோம்" என்றார்கள். என் 'மூன்று முறை' விதியும் இதே ஓட்டையால்தான் ஒழுகியது.

1981இல் வந்த 'சாம்பியன்ஸ்' என்ற சூப்பர்ஹீரோ விளையாட்டு வேறு வழியில் போனது. சக்திகளைக் கடையில் வாங்குவதுபோல் புள்ளி கொடுத்து வாங்கவேண்டும். சக்திக்கு ஒரு தடை வைத்தால் விலை குறையும். ஆனால் அந்தத் தடை விளையாட்டில் உண்மையாகவே உங்களைத் தடுக்கவேண்டும். தடுக்காவிட்டால் கழிவு கிடையாது. என் மூன்று முறைக்கு அங்கே ஒரு புள்ளிகூடக் கழித்திருக்க மாட்டார்கள்.

2008இல் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸின் நாலாம் பதிப்பு, வாள் வீரன் முதல் மந்திரவாதி வரை எல்லாருக்கும் ஒரே அமைப்பில் சக்திகளைப் பிரித்துக் கொடுத்தது. கணக்கு நேராக நின்றது. ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்று பலர் குறைப்பட்டார்கள். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அந்த அமைப்பு இல்லை.

இதையெல்லாம் படித்த பிறகு அம்மம்மாவின் கதையை முழுதாக நினைத்துப் பார்த்தேன். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் வரும் திருமூலர் கதை அது. மூலன் என்ற இடையர் இறந்துகிடக்க, அவரைச் சுற்றி நின்று பசுக்கள் கதறுகின்றன. அதைப் பார்த்த ஒரு யோகி மனம் இளகி, தன் உடலைப் பத்திரமாக வைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் புகுகிறார். பசுக்களை வீடு சேர்த்துவிட்டுத் திரும்பி வந்தால், அவருடைய உடலைக் காணவில்லை! கடைசிவரை மூலனாகவே வாழ்ந்தார். சக்தியின் விலை கதைக்குள்ளேயே இருந்திருக்கிறது. நான் சக்தியை மட்டும் எடுத்துக்கொண்டு விலையை விட்டுவிட்டேன்.

போன வருடக் குளிர்கால விடுமுறையில் தம்பியைக் கூப்பிட்டேன். விதியைத் திருத்தி எழுதியிருந்தேன்: சித்தர் எத்தனை முறையும் பாயலாம், ஆனால் பாய்ந்திருக்கும்வரை அவருடைய உடல் மூச்சில்லாமல் கிடக்கும். எதிரி அதைத் தூக்கிக்கொண்டு போனால் திரும்ப வழியில்லை. தம்பி தாளை வாசித்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

"அப்ப உடம்புக்கு ஆர் காவல்?"

"அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டனான்."

அன்றிரவு சித்தர் பாய்ந்தது ஒரே ஒரு முறை. தம்பியின் வீரன் குகை வாசலில் நின்று ஐந்து பேரைத் தடுத்தான். கடைசிப் பகடையை அவன் உருட்டியபோது மேசையில் இருந்த எல்லாரும் எழும்பி நின்றோம்.

நீங்களும் ஒரு சக்தியை உருவாக்கினால், அதை நீங்கள் பாவிக்கும்போது பக்கத்தில் இருப்பவருக்குச் செய்ய என்ன மிஞ்சும் என்று முதலில் எழுதிப் பாருங்கள். சேதக் கணக்கைப் பிறகு போடலாம்.