ரங்கூனுக்கு வந்த வாலிபப் பெண்கள்

சங்கத்துக்குத் தலைவி வேண்டும் என்றால் நம் வாலிபப் பெண்கள் முதலில் சொல்வது, "எனக்கு வயது போதாது, அக்கா" என்பதே. வீட்டிலும் அதே பேச்சுதான். ஆனால் நாம் குடியிருக்கும் இதே நகரத்தில், 1944இல், பதினாறு பதினெட்டு வயதுத் தமிழ்ப் பெண்கள் பொறுப்பேற்று நின்றார்கள்.

ஜான்சி ராணி படையைத்தான் சொல்கிறோம். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அழைப்பு விடுத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, சிங்கப்பூரில் ஏழைத் தொழிலாளருக்கு வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமை ஏற்றார். சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மலாயாத் தமிழர். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய, எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் பலர். கோலாலம்பூரின் ஜானகி தேவர், கூட்டத்திலேயே தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தவர். அவருக்கு வயது 18. தந்தையின் சம்மதம் வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. (இதில் மட்டும் எண்பது வருஷத்தில் பெரிய மாற்றமில்லை!)

ஈப்போவின் ராசம்மா நவரத்தினம் 16 வயதில் அக்கா பொன்னம்மாவோடு சேர்ந்தார். பர்மாவுக்கு வந்த பெண்கள் பயணம் செய்தது சயாம் மரண ரயில் பாதையில். அந்தப் பாதையைப் போடப்போய் மாண்ட பல்லாயிரம் பேரில் பெருந்தொகையினர் அதே மலாயாத் தோட்டத் தமிழர்கள். அவர்களை வதைத்த ஜப்பானியரோடு கூட்டுச் சேர்ந்த படை இது. இதை மறைத்துச் சரித்திரம் சொல்வது நியாயமல்ல.

துப்பாக்கிப் பயிற்சி பெற்ற அவர்களுக்குப் போர்முனையில் சண்டையிடும் வாய்ப்புக் கிட்டவில்லை. இம்பாலிலிருந்து படை பின்வாங்கியபோது வந்தவர்கள் மலேரியா, சீதபேதி, பட்டினி ஆகியவற்றால் உருக்குலைந்த வீரர்கள். மேமியோவில் இந்தப் பெண்கள் நர்ஸ் வேலையை ஏற்றார்கள். முறைப்படி படித்து வந்த எங்களுக்கே, மருந்து தீர்ந்த வார்டில் ஓர் இரவைக் கழிப்பது என்னவென்று தெரியும். போதிய மருந்தில்லாத இடத்தில் சீதபேதி நோயாளியைக் காப்பது, விடாமல் தண்ணீர் கொடுப்பதும் உடம்பைத் துடைத்துத் துணி மாற்றுவதும்தான். சுடக் கற்றவர்களுக்கு அது ஏமாற்றமாகவே இருந்திருக்கும். ஆனால் எங்கள் கண்ணுக்கு அவர்களுடைய பெரிய வேலை அதுதான்.

1945 ஏப்ரல் 24 இரவு, ஆங்கிலேயர் நெருங்கிவர, நேதாஜி ரங்கூனை விட்டார். பெண்களை அனுப்பாமல் தான் கிளம்பமாட்டேன் என்று அவர் பிடிவாதமாக இருந்ததால், சுமார் நூறு பெண்கள் அவரோடு புறப்பட்டார்கள். சித்தாங் ஆற்றைக் கடந்தபின் லாரிகளும் இல்லை. பகலில் விமானங்களுக்குப் பயந்து மரநிழலில் பதுங்கி, இரவில் மோல்மேன் நோக்கி நடந்தார்கள். ஜானகிக்கு அப்போது 20 வயது. அந்தப் பெண்களைக் கூட்டிப்போகும் பொறுப்பு அவர் தோளில் இருந்தது.

எல்லாரும் வீடு திரும்பவில்லை. திரும்பிப் போன ரயில் ஒன்று கொரில்லாக்களால் தாக்கப்பட்டதில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இருவர் இறந்தார்கள். பெயரைக் கேட்டாலே நம் ஆலய இருக்கைகளில் உட்காரும் பிள்ளைகள் போலிருக்கிறது.

பிழைத்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஜானகி 1946இல் மலேசிய இந்தியக் காங்கிரசைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரானார், பிறகு செனட்டரானார். டாக்டர் லட்சுமி கான்பூரில் முதுமைவரை ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்து, 2012இல் 97 வயதில் மறைந்தார்.

நம் வாலிபப் பெண்கள் முக்கியமாக அறியவேண்டியது ராசம்மா பூபாலனின் கதை. ஆசிரியையான அவர் 1960இல் மலாயாவில் பெண் ஆசிரியர்களுக்கென்று சங்கம் தொடங்கினார். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் என்றிருந்த வழக்கத்தை எதிர்த்து வருஷக்கணக்கில் போராடினார். கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆனார். இளம் பெண்கள் கிறிஸ்தவச் சங்கத்தின் தலைவியாக இருந்து, ஏழைக் குடும்பங்களின் பெண்பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்பிக்கும் பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட தோட்டத்துப் பிள்ளைகளும் அங்கே வந்து தொழில் கற்றார்கள்.