தாய்ச் சாவி, இரு வம்சம்

சிங்காரச் சென்னை அட்டை 2023 ஏப்ரலில் மெட்ரோவுக்கு வந்தது. 2025 ஜனவரியில் மாநகரப் பேருந்துக்கும் வந்தது. பேசின் பிரிட்ஜில் பஸ் ஏறுபவர் அதைத் தட்டி டிக்கெட் வாங்கலாம். இறங்கியதும் மருந்துக்கடைக்குப் போனால் அங்கே ஒரு கார்டு மெஷின். அட்டையின் சிப்புக்குள்ளும் ரகசியச் சாவி, மெஷினுக்குள்ளும் ரகசியச் சாவி. கோடிக்கணக்கான சாவிகளைத் தனித்தனியாக எழுதிவைத்துக் காப்பது எந்த வங்கிக்கும் ஆகாத காரியம். அதனால் அட்டைகளுக்கென்று ஒன்று, மெஷின்களுக்கென்று ஒன்று எனத் தாய்ச் சாவி வைத்து, அதிலிருந்தே எல்லாவற்றையும் பிறப்பிக்கிறார்கள். பிறப்பிக்கும் விதத்தில்தான் இரண்டும் பிரிகின்றன.

அட்டை, சிப் அட்டைகளுக்கான தரமான இஎம்வி வம்சம். அதில் பரவலான முறை இது: அட்டை எண்ணோடு அதன் வரிசை எண்ணைச் சேர்த்து, கடைசி 16 இலக்கங்களை எடுத்துத் தாய்ச் சாவியால் ட்ரிபிள் டெஸ் முறையில் மறையாக்கினால் பாதிச் சாவி கிடைக்கும். அதே இலக்கங்களின் பிட்டுகளை எல்லாம் புரட்டிப்போட்டு மறையாக்கினால் மறுபாதி. இந்தச் சாவி அட்டை காலாவதியாகும்வரை மாறாது. ஒவ்வொரு தட்டலுக்கும் அதிலிருந்து, பரிவர்த்தனை எண்ணை வைத்து, ஒரு தற்காலிகச் சாவி பிறக்கும்.

மெஷின்களில் பரவலாக இருப்பது டியுகேபிடி முறை. தொழிலில் இருப்பவர்கள் ‘டக்பட்’ என்பார்கள். தாய்ச் சாவி மெஷினுக்குள் வருவதே இல்லை. மெஷினின் அடையாள எண்ணைக் கொண்டு உருவாக்கிய தொடக்கச் சாவிதான் ஏற்றப்படும். அது அடுத்தடுத்த சாவிகளைப் பெற்றுப்போட்டுவிட்டு அழிந்துவிடும். பயன்படுத்திய சாவியும் உடனே அழியும். பழைய ட்ரிபிள் டெஸ் வடிவில் ஒரு மெஷினுக்குச் சுமார் 10 லட்சம் பரிவர்த்தனை வரை தாங்கும்.

திருடன் மெஷினை உடைத்துத் திறந்தாலும் நேற்றைய பரிவர்த்தனையின் சாவி அவனுக்குக் கிடைக்காது. அட்டையின் சாவி சிக்கினாலோ, அதன் பழைய தற்காலிகச் சாவிகள் அத்தனையையும் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். அப்படியானால் அட்டை முறை மட்டமா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அட்டையின் சாவி முக்கியமாகச் செய்வது ‘இது அசல் அட்டைதான்’ என்று சாட்சி சொல்வது. நேற்றைய பரிவர்த்தனை எண்ணுக்கு இன்று பொய்ச்சாட்சி தயாரித்து என்ன பயன்? மெஷின் மறைப்பதோ பின் நம்பரை. நேற்று அழுத்திய நான்கு இலக்கம் இன்றும் அதே நான்கு இலக்கம்தான்.

புதிதாகச் சாவி முறை வடிவமைப்பவர்களுக்கு 2010-இல் வந்த எச்கேடிஎஃப், 2022-இல் திருத்திய நிஸ்ட் 800-108 போன்ற தரங்கள் உண்டு. இவை பிறப்பிக்கும் வழியைச் சொல்கின்றன. பயன்படுத்திய சாவியை எப்போது அழிப்பது என்பதை அமைப்பை வடிவமைப்பவர்தான் தீர்மானிக்கவேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

தாயே களவு போனால் எந்த வம்சமானாலும் காலி. தென்னாப்பிரிக்காவின் போஸ்ட்பேங்க்கில் 2018 டிசம்பரில் ஊழியர்களே தாய்ச் சாவியைத் தாளில் அச்சடித்து எடுத்துப் போனதாக 2020-இல் செய்தி வெளியானது. ஒரு கோடியே இருபது லட்சம் அட்டைகளை மாற்றவேண்டியதாயிற்று.