விதியின் அளவுக்குள் ஒரு கார்

மகாயுத்தத்தில் தோற்று, பெட்ரோலுக்கு அந்நியரை எதிர்பார்த்து நின்ற ஜப்பான், 1949-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், குறிப்பிட்ட நீள அகலங்களுக்கும் எஞ்சின் கொள்ளளவுக்கும் உட்பட்ட வாகனங்களை 'கெய்' என்னும் தனி ரகமாகப் பிரித்து விதி செய்தது. ஆரம்ப எல்லையான 150 சி.சி.க்குள் கார் என்று சொல்லத்தக்கது எதுவும் உருவாகவில்லை. எல்லை 360 சி.சி.யாக உயர்ந்த பிறகே, 1955-இல், சுஸுகியின் 'சுஸுலைட்' வெளிவந்தது.

ஆயினும் சாமானியக் குடும்பத்தைக் காரில் ஏற்றிய பெருமை 1958-இல் பிறந்த 'சுபாரு 360'க்கே உரியது. யுத்த காலத்தில் விமானம் கட்டிய நகஜிமா கம்பெனியிலிருந்து வந்த பொறியாளர் மொமோசெ ஷின்ரோகு, தனிச் சாசி வைக்காமல் மெல்லிய தகட்டு உடலையே பாரம் தாங்கச் செய்து, வெறும் 16 குதிரைச் சக்தியைக் கொண்டு நால்வரைச் சுமக்க வைத்தார். எடை குறைந்தது, பெட்ரோல் செலவும் குறைந்தது. ஜனங்கள் அதைப் பொறிவண்டு என்று செல்லமாக அழைத்தார்கள்.

எனக்கு மிகவும் ரசமாகத் தோன்றுவது 1979-ஆம் ஆண்டு விவகாரம். பயணிகள் காருக்கு விற்பனையின்போது விதித்த வரி சரக்கு வேனுக்கு இல்லை என்பதைக் கவனித்த சுஸுகி கம்பெனியின் தலைவர் சுஸுகி ஒஸாமு, பின்னிருக்கையைக் குறுக்கி, சட்டத்தின் பார்வைக்குச் சரக்கு வண்டியாகவும் வாங்குவோர் பார்வைக்குக் குடும்பக் காராகவும் விளங்கும் 'ஆல்டோ'வை 4,70,000 யென்னுக்கு விற்றார். கடைகண்ணிக்குப் போய்வர வண்டி தேடிய இல்லத்தரசிகள் அதை விரும்பி வாங்கினார்கள். இதைத் தந்திரம் என்பாரும் உண்டு. விதியை எழுதியவர்களைவிட அதை நுணுக்கமாக வாசித்தவர் அவர் என்பது என் அபிப்பிராயம். 1983 டிசம்பரில் நம் தேசத்தில் புறப்பட்ட மாருதி 800-உம், 796 சி.சி. எஞ்சினோடு, அந்த ஆல்டோ வம்சத்தில் வந்ததே.

எல்லை 1976-இல் 550 சி.சி.யாகவும், 1990-இல் 660 சி.சி.யாகவும் விரிந்தது. காருக்கு நிறுத்துமிடம் உண்டென்று முன்கூட்டியே போலீஸாரிடம் சான்றிதழ் பெறும் கட்டாயமும் பல ஊர்களில் கெய் காருக்கு இல்லாதபடியால், கிராமத்து வீடுகளில் அது ஆளுக்கொன்றாகப் பெருகியது. 2015-இல் புதிய கெய் கார்களின் ஆண்டு வரி 7,200 யென்னிலிருந்து 10,800 யென்னாக உயர்ந்தும், அந்த வழக்கம் மறையவில்லை.

2022-இல் நிஸான் கொணர்ந்த 'சகுரா' மின்சாரக் கார்; அதில் சி.சி. கணக்குக்கே இடமில்லை. ஆனாலும் அது 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம் என்னும் கெய் வரம்புக்குள்ளேயே அமைந்து, அவ்வாண்டின் சிறந்த கார் என்ற விருதையும் ஜப்பானில் பெற்றது.