தம்புள்ளைக் குகை கூறும் கணக்கு

கண்டியிலிருந்து மாத்தளை வழியாக வடக்கு நோக்கிச் செல்வோர் தம்புள்ளையிலே பெரும் பாறையொன்றைக் காண்பர். அதிலே ஐந்து குகைகள் கோயில்களாக அமைந்துள்ளன. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் இவற்றைக் கோயிலாக்கினான் என்பது மரபு. இன்று நாம் காணும் ஓவியங்களிற் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டுக் கண்டிக் காலத்தவை.

விதானத்தை அண்ணாந்து நோக்கினால், வரிசை வரிசையாக அமர்ந்த புத்தர் உருவங்கள். எண்ணத் தொடங்கினாற் கண் களைத்துவிடும். ஆயினும் ஓருருவத்தை வரைந்து காட்டியபின், "இதனையே இத்தனை வரிசையில் இத்தனை முறை தீட்டுக" என்றால் எஞ்சியது முழுவதும் அடங்கிவிடும். இனி, ஓவியம் தீட்டப்படாத வெறும் பாறையை நோக்குங்கள். அதன் வெடிப்பும் புள்ளியும் எவ்வொழுங்கிற்கும் அடங்கா. அவற்றை உள்ளவாறு எடுத்துரைக்க ஒரு நூலே வேண்டும்.

இவ்வேற்றுமையை விஞ்ஞானிகள் கணக்கில் அடக்க முயன்றனர். 1948இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த குளோட் சனன், எதிர்பாராத செய்தியே மிகுந்த தகவலைத் தருவது எனக் கணிதத்தால் நிறுவினார். முன்னரே தெரிந்ததைக் கூறுவது தகவலாகாது. 1965இல் ருசியக் கணிதவறிஞர் கொல்மகோரோவ், ஒன்றை உருவாக்கவல்ல மிகக் குறுகிய கட்டளையின் நீளமே அதன் சிக்கலின் அளவு என்றார். அமெரிக்காவிலே சொலமனொவ், சைத்தின் என்போரும் தனித்தனியே இக்கருத்தை எய்தினர்.

ஆனால் இங்கு ஓர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. இவ்வளவுகோலின்படி, ஓவிய வரிசையிலும் வெறும் பாறையே சிக்கல் மிகுந்தது! ஒழுங்கின்மைக்கு முதலிடம் தரும் அளவுகோல், நாம் மதிக்கும் அமைப்பை எங்ஙனம் அளக்கும்? இதனை உணர்ந்த சாள்ஸ் பெனற் 1988இல் வேறொரு வழி கூறினார். குறுகிய கட்டளையிலிருந்து ஒரு பொருளை உருவாக்க எத்துணைக் கணிப்பு வேண்டும் என்பதையே அவர் அளந்தார். வெறும் மீள்கூற்றும் வெறும் குழப்பமும் இவ்வளவில் ஆழமற்றவை. நெடிய முயற்சியின் தடம் பதிந்தவையே ஆழமுடையவை.

வரலாற்று மாணவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. இலங்கையின் ஆதிப் பிராமிக் குகைச் சாசனங்கள் பலவும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை: இன்னாரது குகை, வந்தவரும் வராதவருமான நாற்றிசைச் சங்கத்திற்கு அளிக்கப்பட்டது. நூறு சாசனங்களைப் படித்தவர் அடுத்ததைப் படிக்காமலே சொல்லிவிடுவார். அவ்வாறு படிக்காமல் விடுவதிலேதான் ஆபத்து இருக்கின்றது. வவுனியாவைச் சார்ந்த பெரிய புளியங்குளத்துச் சாசனத்திலே குகையின் உரியவன் "தமெட வணிஜ" எனப்படுகின்றான். தமிழ் வணிகன் என்பது பொருள். தமிழ் வணிகர் ஒருவர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டில் வாழ்ந்து பௌத்த சங்கத்திற்குக் கொடையளித்தார் என்னும் செய்தி அவ்விரு சொற்களிலே தங்கியுள்ளது.

அச்சொற்களை நாம் ஐயமின்றிப் படிக்க உதவுவதும் அப்பழகிய வாய்பாடே. வாய்பாடு இல்லையேல் புதுச்சொல் பாறை வெடிப்போடு வெடிப்பாய்ப் போயிருக்கும். புதுச்சொல் இல்லையேல் வாய்பாடு ஒன்றும் உரையாது. ஒழுங்கும் வியப்பும் கைகோக்கும் இடத்திலேதான் கல்லும் பேசுகின்றது. தம்புள்ளைக்குச் செல்லும்போது, விதானத்தை மட்டுமன்றி, குகை வாயிலின் மேல் மழைநீர் வழியாதவாறு வெட்டிய விளிம்பையும் சற்றே நின்று நோக்குங்கள்.