கண்டிக்கு வந்த ஹிரோஷிமா வண்டி

ஊழியர் சேமலாப நிதி கைக்கு வந்த மாதத்தில் ஒருவன் செய்யத்தகாத காரியங்கள் சில உண்டு. பழைய விளையாட்டுக் கார் பார்க்கப் போவது அவற்றுள் ஒன்று. கட்டுகஸ்தோட்டையில் மாஸ்டா ஆர்.எக்ஸ்-8 ஒன்று விற்பனைக்கு இருப்பதாக நண்பர் சொன்னார். மறுநாளே நான் அங்கே நின்றேன்.

இந்த ஆசை 1991இல் தொடங்கியது. அப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவன். பிரான்சின் லே மான் 24 மணிநேர ஓட்டத்தில் மாஸ்டா 787பி முதலிடம் பெற்ற செய்தியை நூலகத்தில் பத்திரிகையொன்றில் படித்தேன். அவ்வோட்டத்தை வென்ற முதல் ஜப்பானிய நிறுவனம் அதுவே. அடுத்த ஜப்பானிய வெற்றி டொயோட்டாவுக்கு 2018இல்தான் கிட்டியது. வென்ற காரின் இயந்திரத்தில் பிஸ்டனே இல்லை என்ற செய்தி என் மனத்தில் தங்கிவிட்டது.

பேராதனைக்கும் அந்தக் காரின் ஊருக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. பேராதனைத் தாவரவியல் பூங்காவில்தான் 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை அமைத்து, ஜப்பானுக்கு எதிரான போரை வழிநடத்தினார். மறு ஆண்டு ஆகஸ்ட் 6இல் ஹிரோஷிமா அழிந்தது. பிற்காலத்தில் மாஸ்டா எனப் பெயர்பெற்ற தோயோ கோக்யோ தொழிற்சாலை குன்றொன்றின் மறைவில் தப்பியது. இருப்பிடம் இழந்த மாகாண நிர்வாகம் சிலகாலம் அங்கிருந்தே இயங்கிற்று. 1951இல் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் ஜப்பானிடம் இழப்பீடு வேண்டாமென்று இலங்கையின் சார்பில் பேசியவர் ஜே.ஆர்.ஜயவர்தன. 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டவரும் அவரே. அதன்பின் எங்கள் வீதிகளில் ஜப்பானிய வாகனங்கள் நிறைந்ததைச் சொல்லத் தேவையில்லை.

சுழல் இயந்திரமோ ஜேர்மனியில் பிறந்தது. அதைக் கண்டறிந்த பீலிக்ஸ் வான்கெல் வாகன ஓட்டும் அனுமதிப்பத்திரமே பெறாதவர் என்பது வேடிக்கை. முட்டை வடிவ அறையொன்றினுள் முக்கோணச் சுழலி சுற்றிச் சுற்றி எரிபொருளை அமுக்கி எரிக்கும். வால்வுகள் இல்லை, அதிர்வும் குறைவு. 1957இல் என்.எஸ்.யு. நிறுவனம் முதல் மாதிரியை ஓட்டிக் காட்டியது. 1961இல் மாஸ்டா உரிமம் வாங்கியது. சுழலியின் முனைத் தகடுகள் அறையின் சுவரில் வரிவரியாகக் கீறின. பிசாசின் நகக்கீறல் என்று ஹிரோஷிமாவினர் அதற்குப் பெயரிட்டனர். கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் நாற்பத்தேழு பொறியியலாளர்கள் அதனோடு மல்லுக்கட்டி, கரிமம் கலந்த தகடுகளால் வென்று, 1967இல் கொஸ்மோ காரை வெளியிட்டனர். என்.எஸ்.யு.வோ அதே ஆண்டில் வெளியிட்ட ஆர்.ஓ. 80 காரின் இயந்திரங்களை மாற்றிக்கொடுத்தே நொடித்தது.

நான் பார்த்த வண்டியிலும் அந்த முனைத் தகடுகளே கேள்வி. தலா 654 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள இரண்டு சுழலிகள். தகடுகள் தேய்ந்தால் அமுக்கம் குறையும். சூடான இயந்திரம் மீண்டும் இயங்க மறுக்கும். சாதாரண அமுக்கமானி இதற்கு உதவாது, சுழலியின் மூன்று முகங்களையும் தனித்தனியே அளக்க வேண்டும். அந்தக் கருவி கண்டியில் நான் கேட்ட கராஜ் எதிலும் இல்லை. ஆகவே கடுகண்ணாவைக்கு ஏறுவோம் என்றேன்.

ஏற்றத்தில் அது பாடிக்கொண்டே ஏறிற்று, பொய் சொல்லமாட்டேன். 1832இல் கட்டிமுடித்த டோசன் கோபுரத்தருகே நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, பத்து நிமிடம் தேநீர் குடித்தோம். பிறகு சாவியைத் திருப்பினார். சுழன்றது, பற்றவில்லை. இரண்டாம் முறையும் அவ்வாறே. நான்காம் முறைதான் புகை கக்கி உயிர்பெற்றது. "பெற்றோலின் குற்றம் ஐயா" என்றார் உரிமையாளர்.

பெற்றோல் என்றதும் 2022 ஆகஸ்ட் நினைவுக்கு வந்தது. எரிபொருள் அட்டையில் காருக்கு வாரம் 20 லீற்றர். லீற்றருக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர் ஓடும் இவ்வண்டி அந்தப் பங்கீட்டில் கொழும்புக்குப் போகும், திரும்பி வராது. வாவிக்கரை நெரிசலில் ஊர்ந்து, ஐந்து நிமிடம் ஓடி நிற்கும் என் அன்றாடப் பயணமும் இந்த இயந்திரத்துக்கு நஞ்சு. குளிர்ந்திருக்கும்போது இயக்கி உடனே அணைத்தால் பெற்றோலில் மூழ்கிவிடும். 2012இல் உற்பத்தி நின்றது. 2020 மார்ச்சில் விதித்த இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு நீங்கியபோதும், வயதெல்லை காரணமாக இன்னொன்று வர வழியில்லை. அதனால்தான் உரிமையாளர் விலையில் இறங்க மறுத்தார். மாற்று இயந்திரத்தின் செலவைக் கழியுங்கள் என்றேன். சிரித்தார்.

இறக்கத்தில் அவரே ஓட்டினார். சட்டைப்பையிலிருந்த காசோலைப் புத்தகத்தை நான் வெளியே எடுக்கவில்லை. பேராதனைப் பூங்கா வாயிலருகே இறங்கி, கண்டி பஸ்ஸில் ஏறினேன்.