எதிர்வீட்டில் குடிவந்தவர் யார்?

1989-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஆளுநர் பூத் கார்ட்னருக்குச் சின்னஞ்சிறு ஷூக்கள் வந்து குவிந்தன. அனுப்பியவர்கள் தாய்மார்கள். அந்த ஷூ காலுக்குப் பொருந்தும் வயதிலிருக்கும் குழந்தைகளைக் காப்பாற்ற அரசு என்ன செய்யப் போகிறது என்று கேட்டார்கள். அந்த ஆண்டு மே மாதம் டகோமா நகரில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கொடூரமாகத் தாக்கப்பட்டிருந்தான். தாக்கியவன் குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்காக ஏற்கெனவே சிறையில் இருந்தவன். வெளியே போனால் என்ன செய்வான் என்பது சிறை அதிகாரிகளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஆனால் தண்டனைக் காலம் முடிந்தவனை அடைத்து வைக்கச் சட்டத்தில் வழியில்லை.

அதிகாரிகளுக்குத் தெரிந்த விஷயம் அக்கம்பக்கத்தாருக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? இந்தக் கோபம்தான் 1990-ல் அங்கே சமூகப் பாதுகாப்புச் சட்டமாக உருவெடுத்தது. தண்டனை முடிந்து வரும் பாலியல் குற்றவாளி எங்கே குடியேறுகிறார் என்பதைப் பொதுமக்களிடம் சொல்லும் அதிகாரம் அமெரிக்காவில் முதன்முறையாகப் போலீசுக்குக் கிடைத்தது. பட்டியல் அதற்கு முன்பே உண்டு. கலிஃபோர்னியா 1947-லேயே பதிவேட்டைத் தொடங்கிவிட்டது. ஆனால் அது போலீஸ் நிலைய அலமாரிக்குள் இருந்த பதிவேடு. வாஷிங்டன் அந்த அலமாரியைத் திறந்தது.

திறந்த மூன்றே ஆண்டில் அதன் இன்னொரு முகமும் தெரிந்தது. 1993-ல் ஸ்னோஹோமிஷ் மாவட்டத்தில், விடுதலையாகவிருந்த ஒருவர் குடியேறப் போவதாகப் போலீஸ் அறிவித்த வீட்டுக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள்.

நாடு முழுக்க இந்த வழக்கம் பரவக் காரணமானது நியூஜெர்சியின் ஹாமில்டன் டவுன்ஷிப்பில் நடந்த கொலை. 1994 ஜூலை 29 அன்று ஏழு வயது மேகன் காங்கா எதிர்வீட்டுக்காரனால் கொல்லப்பட்டாள். நாய்க்குட்டி காட்டுகிறேன் என்று சொல்லி அவளை அழைத்துப் போயிருந்தான். சிறுமிகளைத் தாக்கியதற்காக முன்பே இரண்டு முறை தண்டிக்கப்பட்டவன் அவன். அந்த வீட்டில் அவனோடு தங்கியிருந்த மற்ற இருவரும் அதே வகைக் குற்றங்களில் தண்டனை பெற்றவர்கள். தெருவில் பெற்றோர் எவருக்கும் இது தெரியாது. தெரிந்திருந்தால் மகளை எச்சரித்திருப்போம் என்றார்கள் மேகனின் பெற்றோர். இப்படிப்பட்டவர் குடிவந்தால் அக்கம்பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டும் என்ற கோரிக்கை மனுவில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அக்டோபர் 31 அன்று ஆளுநர் கிறிஸ்டீன் டாட் விட்மன் சட்டத்தில் ஒப்பமிட்டார். கொலை நடந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

அவசரத்தில் பிறந்த சட்டம் என்றாலும், ‘மேகன் சட்டம்’ நியூஜெர்சியில் நிதானமாகவே வடிவம் பெற்றது. விடுதலையானவர்களை அபாயத்தின் அளவுப்படி மூன்று படிகளாகப் பிரித்தார்கள். முதல் படியில் இருப்பவரைப் பற்றிய தகவல் போலீசோடு நின்றுவிடும். இரண்டாம் படி என்றால் பள்ளிகளுக்கும் குழந்தைகளுக்கான முகாம்களுக்கும் போகும். மூன்றாம் படி என்றால்தான் போலீஸ் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டும். கொண்டுவரும் தாளில் அந்த நபரின் புகைப்படம், முகவரி, அங்க அடையாளம், செய்த குற்றம், வேலை பார்க்கும் இடம், கார் நம்பர் எல்லாம் இருக்கும். இரண்டாம், மூன்றாம் படியில் வைக்கப்படுபவர் அதை எதிர்த்து நீதிபதி முன் வாதாடலாம் என்று 1995-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தக் கட்டுப்பாடுகள் சட்டத்தின் பலவீனம் அல்ல, அதுதான் அதன் நேர்மை.

1996 மே மாதம் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட கூட்டாட்சிச் சட்டம் இதை எல்லா மாநிலங்களுக்கும் கொண்டுபோனது. பிறகு இன்டர்நெட் வந்தது. கதவைத் தட்டி ஒரு தெருவுக்கு மட்டும் சொன்ன செய்தி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய படமாகவும் முகவரியாகவும் ஆனது. இது கூடுதல் தண்டனை ஆகாது என்று 2003-ல் அலாஸ்கா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் மூன்றே ஆண்டுகளில், 2006 ஏப்ரலில், கனடாவிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் மெய்ன் மாநிலப் பட்டியலில் முகவரி தேடி இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றான். அவர்களில் ஒருவர் பட்டியலில் ஏறியது, பத்தொன்பது வயதில் பதினாறு நிறையாத தன் காதலியோடு உறவு கொண்டதற்காக. குழந்தைகளை வேட்டையாடுபவனும் இந்த இளைஞரும் ஒரே பக்கத்தில் இருந்தார்கள். பட்டியலைத் தயாரித்தவர்கள் யோசித்திருக்க வேண்டிய விஷயம் இது.

இங்கிலாந்து வேறு வழியில் போனது, அதுவும் அடிபட்ட பிறகுதான். 2000 ஜூலையில் எட்டு வயது சாரா பெய்ன் கடத்திக் கொல்லப்பட்டதும், ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ பத்திரிகை குற்றவாளிகளின் படங்களைப் பெயரோடு வெளியிட ஆரம்பித்தது. போர்ட்ஸ்மத் நகரின் பால்ஸ்குரோவ் குடியிருப்பில் கும்பல் திரண்டு வீடுகளைத் தாக்கியது. சம்பந்தமே இல்லாத குடும்பங்களும் வீட்டைக் காலி செய்துகொண்டு ஓடின. சாராவின் தாய் விடாமல் போராடி வாங்கிய திட்டம் 2008-ல் நான்கு இடங்களில் சோதித்துப் பார்க்கப்பட்டு, 2011-க்குள் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் வந்தது. அங்கே போலீஸ் கதவைத் தட்டாது. தன் குழந்தையோடு பழகும் ஒருவரைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் தாய் போலீசிடம் போய்க் கேட்கலாம். விசாரித்துவிட்டு, அபாயம் இருந்தால், குழந்தையைக் காக்கும் நிலையில் இருப்பவரிடம் மட்டும் சொல்வார்கள். கேட்டவர் அதை ஊரெல்லாம் சொல்லக் கூடாது.

இரண்டில் எது மேல் என்றால் இங்கிலாந்தின் வழி என்றுதான் சொல்ல வேண்டும். காரணம் குற்றவாளி மேல் இரக்கம் அல்ல. அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2000-ல் வெளியிட்ட ஆய்வில், போலீசுக்கு வந்த புகார்களில் சிறார்களைத் தாக்கியவர்களில் முன்பின் தெரியாதவர் 100-க்கு ஏழு பேர்தான். மூன்றில் ஒரு பங்கினர் குடும்பத்தினர், மற்றவர்கள் தெரிந்தவர்கள். மாமாவோ, டியூஷன் ஆசிரியரோ, அம்மாவின் புதிய துணைவரோ எந்தப் பட்டியலிலும் இல்லாதபோது, தெருவுக்கு வரும் தாளால் குழந்தைக்குப் பயனில்லை. சந்தேகம் வந்த இடத்திலேயே கேட்கவைக்கும் முறைதான் வீட்டுக்குள் இருக்கும் ஆளையும் எட்டும். நியூஜெர்சியிலேயே 2008-ல் வந்த ஓர் ஆய்வு, மேகன் சட்டத்தால் மறுபடி பாலியல் குற்றம் செய்பவர்கள் குறைந்ததாகத் தெரியவில்லை என்று சொன்னது.

பட்டியல்களின் இந்தக் குறையை வெளிப்படையாகப் பேசியவர்களில் முக்கியமானவர் மின்னசோட்டாவின் பாட்டி வெட்டர்லிங். 1989 அக்டோபரில் அவருடைய பதினொரு வயது மகன் ஜேக்கப் கடத்தப்பட்டான். மாநிலங்கள் பதிவேடு வைக்க வேண்டும் என்ற 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஜேக்கப்பின் பெயரைத் தாங்கியது. அதற்காகப் பாடுபட்டவர் பாட்டி. அவரே பின்னாளில், சட்டங்கள் அளவு மீறிவிட்டன, சிறுவயதில் தவறு செய்தவர்களை ஆயுள் முழுக்கப் பட்டியலில் வைப்பது குழந்தைகளைக் காப்பாற்றாது என்று சொல்லத் தொடங்கினார். 2016-ல்தான் ஜேக்கப்பின் எச்சங்கள் கிடைத்தன. கொலைகாரன் கடத்தலுக்கு முன் எந்தப் பாலியல் குற்றத்துக்கும் தண்டனை பெற்றிருக்கவில்லை. அன்றைக்குப் பட்டியல் இருந்திருந்தாலும் அவன் பெயர் அதில் இருந்திருக்காது.

ஆனால் 2006-ல் வந்த ஆடம் வால்ஷ் என்ற கூட்டாட்சிச் சட்டம், செய்த குற்றத்தின் வகையை மட்டும் வைத்துப் படி பிரிக்கச் சொல்கிறது. கடுமையான குற்றமென்றால் பதினான்கு வயதுச் சிறாரையும் பதிவேட்டில் ஏற்றச் சொல்கிறது. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதை இன்னும் முழுமையாக ஏற்கவில்லை. மேகனின் நியூஜெர்சியும் அவற்றில் ஒன்று. யாருக்காக எந்தத் தெருவில் கதவைத் தட்டுவது என்பதை அங்கே இப்போதும் ஒவ்வொருவருடைய அபாயத்தையும் தனித்தனியாக எடைபோட்டுத்தான் முடிவு செய்கிறார்கள்.